தொடங்காத கணிப்பொறி: நோயறிதலும் ஏடு காத்தலும்

முன்னுரை

தமிழ் பயில்வோரின் எழுத்துமேசை இன்று கணிப்பொறியாகிவிட்டது. இளங்கலை மாணவரின் பருவக் கட்டுரை, ஆய்வாளரின் ஆய்வேடு, ஆசிரியரின் பாடக்குறிப்பு, வீட்டுப் பெரியவர் தட்டெழுதி வைத்த குடும்ப வரலாறு ஆகிய யாவும் அதன் வட்டுக்குள்ளேயே உறைகின்றன. அக்கணிப்பொறி ஒருநாள் தொடங்க மறுத்தால் இல்லத்தில் கலக்கம் பிறக்கிறது. கலக்கத்தில் எடுக்கப்படும் முடிவு பெரும்பாலும் ஒன்றாகவே அமைகிறது: எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவிக்கொள்ளலாம் என்பதே அது. பழுதுபார்க்கும் கடைகளில் ‘ஃபார்மட்’ என வழங்கும் செயல் இதுவே. இயந்திரம் அன்று மாலையே ஓடத் தொடங்கிவிடும். மூன்றாண்டு உழைப்பில் உருவான ஆய்வேடு மட்டும் அங்கே இராது.

இவ்விழப்புப் பெரும்பாலும் தவிர்க்கத்தக்கதே. கணிப்பொறி தொடங்காமை வேறு. அதனுள் இருக்கும் எழுத்து அழிதல் வேறு. முன்னது இயந்திரத்தின் நோய். பின்னது பல வேளைகளில் பிழையான மருத்துவத்தின் விளைவு. ஆகவே நோயின் இடத்தை முறையாக அறிவது எங்ஙனம், மருந்திடுமுன் ஏட்டைக் காப்பது எங்ஙனம் என்னும் இரண்டையும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். நம் இல்லங்கள் பலவற்றில் விண்டோஸ் இயங்குதளமே புழங்குவதால் அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

தொடக்கம் ஒரு சங்கிலி

பொத்தானை அழுத்தியவுடன் திரை ஒளிர்வதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அவ்விரண்டிற்கும் இடையே நான்கு கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலி இருக்கிறது. முதலாவது, மின்சாரம் வந்து சேர்தல். இரண்டாவது, கணிப்பொறி தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்ளுதல். மூன்றாவது, இயங்குதளம் எந்த வட்டில் உள்ளது எனத் தேடிக் கண்டடைதல். நான்காவது, அவ்வியங்குதளம் வட்டிலிருந்து நினைவகத்தில் ஏறி நிலைபெறுதல்.

இக்கண்ணிகள் முறை மாறுவதில்லை. முன்னது முடியாமல் பின்னது தொடங்குவதும் இல்லை. எனவே ‘என்ன கெட்டுப்போயிற்று?’ என்று வினவுவதைவிட, ‘எதுவரை சரியாக நடந்தது?’ என்று வினவுவதே அறிவுடைமை. கடைசியாக வெற்றி பெற்ற கண்ணி எதுவோ அதற்கு அடுத்த கண்ணியில்தான் நோய் இருக்கிறது. திரையில் ஓர் எழுத்தேனும் தோன்றியிருப்பின் மின்சாரத்தை ஐயுற வேண்டுவதில்லை. திரையில் எதுவுமே தோன்றாதபோது இயங்குதளத்தைப் பழிப்பதும் பொருந்தாது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகியவற்றைக் கருதிச் செயற்படுமாறு மருத்துவனுக்கு அறிவுறுத்துகிறது. இயந்திர மருத்துவத்திற்கும் அது பொருந்தும். கடைசியாகக் கணிப்பொறி நன்றாக இயங்கியது எப்பொழுது? அதன்பின் நிகழ்ந்த மாற்றம் யாது? இடி மின்னலா, மின்வெட்டா, புதிய கருவியா, இடம் மாற்றலா, இயங்குதளப் புதுப்பித்தலா? இவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்ட பின்னரே கருவியைத் தொட வேண்டும். திரையில் பிழைச் செய்தி தோன்றினால் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்வது நன்று. பாதி நினைவில் நின்ற பிழைச் செய்தியால் பயன் இல்லை.

முதற் கண்ணி: மின்சாரம்

விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுழலவில்லை என்றால் நோய் முதற் கண்ணியில் உள்ளது. சுவரின் மின்செருகியில் மேசை விளக்கொன்றைப் பொருத்திப் பார்த்தால் மின்சாரம் வருகிறதா என்பது தெரிந்துவிடும். அடுத்து யு.பி.எஸ். கருவியை விலக்கிவிட்டு நேரடியாக இணைத்துப் பார்க்க வேண்டும். அதன் மின்கலம் தேய்ந்திருப்பின் கணிப்பொறி குற்றமற்றதாக இருந்தும் தொடங்காது. மேசைக் கணிப்பொறியின் பின்புறம் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கிப் பெட்டியில் தனியே ஒரு சிறு பொத்தான் இருப்பதுண்டு. வீடு துடைக்கும்போது அது அணைந்துபோவது உண்டு.

சுவரில் வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருவது அப்பெட்டியின் பணி. மின்னழுத்த ஏற்ற இறக்கமும் தூசியும் மிகுந்த ஊர்களில் எளிதில் நோயுறும் உறுப்புகளுள் இதுவும் ஒன்று. இதனை மாற்றலாம், ஆனால் பெட்டியைத் திறந்து பார்த்தல் ஆகாது. மின்தொடர்பை நீக்கிய பின்னும் அதனுள் உள்ள மின்தேக்கிகளில் உயிருக்கு ஊறு செய்யத்தக்க மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும்.

மடிக்கணிப்பொறியாயின் மின்னேற்றியைக் கழற்றி, வெளியே எடுக்கத்தக்க மின்கலமாக இருந்தால் அதனையும் எடுத்துவிட்டு, தொடக்கப் பொத்தானை 30 நொடி அழுத்திப் பிடித்தல் வேண்டும். உள்ளே எஞ்சிய மின்னேற்றம் இதனால் வடிந்துவிடும். பின்னர் மீண்டும் இணைத்துத் தொடங்கினால் உயிர்பெறும் கருவிகள் பல.

இரண்டாம் கண்ணி: தற்சோதனை

விசிறி சுழல்கிறது, திரையோ இருண்டு கிடக்கிறது. இந்நிலையில் கணிப்பொறி இறந்துவிட்டதாகப் பலர் எண்ணுவர். முதலில் அறிய வேண்டுவது, நோய் கணிப்பொறியிலா, திரையிலா என்பதே. விசைப்பலகையில் ‘கேப்ஸ் லாக்’ விசையை அழுத்துக. அதன் விளக்கு எரிந்து அணையுமாயின் உள்ளே உயிர் இருக்கிறது. காட்சி மட்டுமே வரவில்லை. திரைக்குச் செல்லும் வடத்தைக் கழற்றிப் பொருத்துவதும், மடிக்கணிப்பொறியாயின் வேறொரு திரையையோ தொலைக்காட்சியையோ இணைத்துப் பார்ப்பதும் அடுத்த படிகள். கைவிளக்கைத் திரைமீது சாய்வாகப் பிடித்தால் மங்கலான உருவம் தெரிகிறதா? ஆமெனில் திரையின் பின்னொளி மட்டுமே பழுதுபட்டது எனத் தெளியலாம்.

கணிப்பொறி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வழக்கம் இல்லக் கணிப்பொறிகளில் நெடுநாளாகவே உள்ளது. 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி., சோதனை நன்கு முடிந்தால் ஒரு குறுகிய ‘பீப்’ ஒலி எழுப்பும். குறை இருப்பின் ஒலியின் எண்ணிக்கையும் நீளமும் மாறும். இன்றைய கருவிகள் பலவற்றில் ஒலிக்கு மாற்றாகச் சிறு விளக்குகள் கண்சிமிட்டுகின்றன. இக்குறிகளின் பொருள் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். எனவே எத்தனை முறை, எவ்வளவு நீளம் எனக் குறித்துக்கொண்டு அக்கருவியின் கையேட்டில் பொருள் காண வேண்டும்.

இக்கண்ணியில் அடிக்கடி பிடிபடுவது நினைவகப் பலகை; கடைகளில் ‘ராம்’ என்பர். தூசியாலும் ஈரக்காற்றாலும் அதன் தொடுமுனைகள் மங்கித் தொடர்பு விட்டுப்போகும். மின்தொடர்பை முற்றும் நீக்கி, பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னேற்றத்தைப் போக்கி, பலகையைக் கழற்றி, தொடுமுனைகளை மெல்லத் துடைத்து மீண்டும் பொருத்துவது நம் பழுதுபார்ப்போரின் நெடுநாள் வழக்கம். இரு பலகைகள் இருப்பின் ஒவ்வொன்றாகப் பொருத்திச் சோதித்தால் குறையுள்ளது எது எனத் தெரிந்துவிடும். உறுதிக்காலம் முடியாத மடிக்கணிப்பொறியை மட்டும் நாமாகத் திறத்தல் வேண்டா.

மூன்றாம் கண்ணி: வட்டைத் தேடல்

நிறுவனத்தின் பெயர் திரையில் தோன்றிய பின், ‘தொடங்குவதற்குரிய வட்டு கிடைக்கவில்லை’ என்னும் பொருள்பட ஓர் ஆங்கிலத் தொடர் வந்து நிற்கிறதா? அப்படியானால் தற்சோதனை முடிந்துவிட்டது, தேடலில்தான் தடை. முன்பு நெகிழ்தட்டுகள் வழங்கிய காலத்தில், செருகியிருந்த தட்டை எடுக்க மறந்தாலே இத்தகைய செய்தி வந்துவிடும். இன்று அவ்விடத்தைப் பென் டிரைவும் புறவட்டும் பிடித்துக்கொண்டன. ஆதலின் விசைப்பலகை, சுட்டி தவிர்ந்த எல்லாக் கருவிகளையும் கழற்றிவிட்டு ஒருமுறை தொடங்கிப் பார்ப்பதே முதல் மருந்து.

நாளும் நேரமும் பல ஆண்டு பின்னோக்கிப் போயிருப்பின் வேறொரு காரணம் தோன்றும். மதர்போர்டில் சி.ஆர். 2032 எனப்படும் 3 வோல்ட் நாணய வடிவ மின்கலம் ஒன்று இருக்கும். கடிகாரம் நிற்காமல் ஓடவும், பழைய பலகைகளில் அமைப்பு விவரங்கள் மறவாமலிருக்கவும் அது துணைபுரிகிறது. அது தீர்ந்தால் எந்த வட்டிலிருந்து தொடங்குவது என்பதைக் கணிப்பொறி மறந்துவிடக்கூடும். மிகக் குறைந்த விலையுள்ள அம்மின்கலத்தை மாற்றி, அமைப்புத் திரையில் வட்டின் வரிசையைச் சரிசெய்தால் நோய் தீரும்.

மற்றொரு காரணம் அண்மைக்காலத்தது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. விண்டோஸ் 11-க்கு மாற விழைவோர் சிலர் அமைப்புத் திரையில் ‘லெகசி’ என்றிருப்பதை ‘யு.இ.எஃப்.ஐ.’ என மாற்றிவிடுகின்றனர். எம்.பி.ஆர். என்னும் பழைய முறையில் பகுக்கப்பட்ட வட்டு அதன்பின் தொடங்காது. வட்டு கெட்டுவிட்டதென அஞ்ச வேண்டியதில்லை. அமைப்பைப் பழையபடி மாற்றினால் அது மீண்டும் தொடங்கும்.

அமைப்புத் திரையில் வட்டின் பெயரே காணப்படவில்லையெனில் அதன் வடத்தை ஐயுறுக. சுழலும் வன்தட்டிலிருந்து ‘டிக் டிக்’ எனத் தட்டும் ஒலி கேட்குமாயின் உடனே மின்சாரத்தை நிறுத்துக. மீண்டும் மீண்டும் தொடங்கிப் பார்க்கும் ஒவ்வொரு முயற்சியும் உள்ளிருக்கும் எழுத்தைச் சுரண்டக்கூடும். அதன்பின் தகவல் மீட்புப் பயிற்சி உள்ளவரிடம் ஒப்படைப்பதே தக்கது.

நான்காம் கண்ணி: இயங்குதளம்

விண்டோஸின் சுழலும் வட்டம் தோன்றி நெடுநேரம் நின்றுவிடுதல், நீலத்திரை தோன்றுதல், தொடங்கித் தொடங்கி மீளுதல் ஆகியன நான்காம் கண்ணியின் குறிகள். பழைய பதிப்புகளில் எஃப்8 விசையை அழுத்திப் பாதுகாப்பு முறையாகிய ‘சேஃப் மோடு’க்குச் செல்லலாம். விண்டோஸ் 8 முதல் அவ்வசதி இயல்பாகச் செயற்படுவதில்லை. விண்டோஸ் ஏறத் தொடங்கும்போதே தொடக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தல் வேண்டும். இவ்வாறு இருமுறை செய்து மூன்றாம் முறை விட்டுவிட்டால் மீட்புத் திரை தானே தோன்றும்.

அத்திரையில் ‘டிரபிள்ஷூட்’, அதனுள் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்னும் பகுதிகளைத் திறந்தால் பல மருந்துகள் கிடைக்கும். அண்மையில் வந்த புதுப்பித்தலை நீக்குதல் ஒன்று. முன்னொரு நாளின் நிலைக்கு அமைப்பை மீட்டல் மற்றொன்று. இது நாம் எழுதிய ஆவணங்களைத் தொடுவதில்லை. குறைந்த நிரல்களோடு தொடங்கும் சேஃப் மோடு பிறிதொன்று. சேஃப் மோடில் கணிப்பொறி தொடங்கிவிட்டால், அண்மையில் சேர்ந்த ஏதோ ஒரு நிரலோ இயக்கியோதான் தடையாக நிற்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

2024 சூலை 19 தந்த பாடம்

இவ்வுண்மைக்கு உலகளாவிய சான்றொன்று உண்டு. 2024 சூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு அனுப்பிய புதுப்பித்தல் ஒன்று பிழையாக அமைந்தது. நிறுவனம் அதனை 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றுக்கொண்டது. எனினும் அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரையில் நின்றுவிட்டன என மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விமானப் பயணங்கள் தடைப்பட்டன. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் விமானம் ஏறுவதற்கான சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர்.

அத்தனை கணிப்பொறிகளிலும் வட்டு கெடவில்லை, நினைவகம் கெடவில்லை, ஆவணங்களும் அழியவில்லை. சேஃப் மோடில் நுழைந்து ஒரேயொரு கோப்பை நீக்கியதும் அவை மீண்டன. திரை நீலமானது கண்டு உடனே ஃபார்மட் செய்திருப்பின், ஒரு கோப்பின் குற்றத்திற்காக ஓராயிரம் கோப்புகளைத் தண்டித்ததாக முடிந்திருக்கும். அம்மென்பொருள் நிறுவனங்களுக்குரியது, இல்லக் கணிப்பொறிகளை அந்நிகழ்வு பெரிதும் தாக்கவில்லை. ஆயினும் பாடம் இல்லங்களுக்கும் உரியதே.

மருந்துக்கு முன் மீட்பு

நோயின் இடம் தெரிந்தபின் மருந்திடத் துடிப்பது இயல்பு. ஆனால் வட்டின்மீது எழுதும் எந்தச் செயலையும், எழுத்தை வெளியே படியெடுத்த பின்னரே செய்தல் வேண்டும். வட்டைச் சரிபார்த்துத் திருத்தும் ‘செக்டிஸ்க்’ கட்டளைக்கும் இவ்விதி பொருந்தும். நலமான வட்டில் அது நன்மை செய்யும். நைந்த வட்டிலோ எஞ்சியதையும் குலைத்துவிடக்கூடும்.

தொடங்காத கணிப்பொறியிலிருந்து படியெடுக்க மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, மேற்கூறிய மீட்புத் திரையில் ‘கமாண்டு பிராம்ப்ட்’ பகுதியைத் திறந்து நோட்பேட் என்னும் நிரலின் பெயரைத் தட்டுதல். அதில் கோப்பைத் திறக்கும் சாளரத்தின் வழியே நம் ஆவணங்களைக் கண்டு, பென் டிரைவிற்குப் படியெடுக்கலாம். கோப்பு வகையில் ‘எல்லாக் கோப்புகளும்’ என்பதைத் தேர்தல் வேண்டும். வட்டுகளின் பெயரெழுத்து இங்கே மாறியிருக்கலாம் என்பதும் நினைவிற்குரியது. இரண்டாவது, வேறொரு கணிப்பொறியில் உபுண்டு என்னும் இலவச இயங்குதளத்தைப் பென் டிரைவில் அமைத்து, அதிலிருந்து நம் கணிப்பொறியைத் தொடங்குதல். நிறுவாமலே ‘முயன்று பார்’ என்னும் வழியைத் தேர்ந்தால் வட்டிலுள்ளவை திரையில் தெரியும். மூன்றாவது, வட்டைக் கழற்றி யு.எஸ்.பி. உறையிலிட்டு வேறொரு கணிப்பொறியோடு இணைத்தல்.

இம்மூன்றிற்கும் ஒரு பூட்டு இருக்கக்கூடும். விண்டோஸ் 11 கொண்ட மடிக்கணிப்பொறிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்குடன் நுழைந்தவுடன் வட்டு தானே மறைகுறியாக்கப்படுகிறது. அதனைத் திறக்க 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோல் வேண்டும். அது அக்கணக்கின் பக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். கணிப்பொறி நலமாக உள்ள இன்றே அதனைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்வது கடமையாகும்.

‘ஃபார்மட் செய்தாலும் பின்னர் மீட்டுக்கொள்ளலாம்’ என ஆறுதல் கூறுவோர் உண்டு. சுழலும் வன்தட்டில் அதற்கு ஓரளவு இடம் இருந்தது. விரைவு ஃபார்மட் பெயர்ப்பட்டியலை மட்டுமே அழிக்க, எழுத்து அதன்கீழ் எஞ்சியிருந்தது. இன்றைய எஸ்.எஸ்.டி. வட்டுகளோ வெறுமையாகிய இடத்தைத் தாமே துடைத்துவிடும் இயல்பின. ஆகவே அவ்வாறுதலை நம்புதல் ஆகாது.

தமிழ் எழுதுவோர் மறக்கலாகாத ஒன்று

ஒருங்குறி பரவுமுன் தமிழில் தட்டெழுதியோர் பாமினி முதலான பல்வேறு எழுத்துருக்களைக் கையாண்டனர். 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் குறியேற்றங்கள் தரப்படுத்தப்பட்டன. தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட ஆய்வேடுகளும் மலர்களும் இன்றும் பலருடைய வட்டுகளில் பழைய எழுத்துருவிலேயே உள்ளன.

எழுத்துரு ஆவணத்தோடு ஒட்டியிருப்பதில்லை. விண்டோஸ் கோப்புறையினுள் ‘ஃபான்ட்ஸ்’ என்னும் தனியிடத்தில் இருப்பது. ஆவணங்களை மட்டும் படியெடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவினால், கோப்பு திறக்கும். திரையிலோ பொருளற்ற உரோமன் எழுத்துகளும் குறியீடுகளும் நிறையும். எழுத்து அழியவில்லை, படிக்கும் கண்தான் போயிற்று. ஆதலின் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் சேர்த்துப் படியெடுத்தல் வேண்டும். பழுதுபார்ப்போரிடம் இதனை வாய்விட்டுச் சொல்லுதல் வேண்டும். தமிழ் எழுத்துருவின் அருமை அவருக்குத் தெரிந்திருக்கும் என எதிர்பார்ப்பது முறையன்று.

நிறைவாக

பனையோலை சில நூற்றாண்டுகளில் மட்கும் பொருள். ஆயினும் சங்கப் பாடல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்தன. தலைமுறைதோறும் யாரோ ஒருவர் அமர்ந்து படியெடுத்ததே காரணம். ஏடு ஒன்றாயிருந்தால் அது ஒரு செல்லுக்கும் ஒரு தீக்கும் இரையாகும். பலவாயிருந்தால் ஒன்று எஞ்சும். வட்டுக்கும் இதுவே நீதி. எழுத்துக்கு மூன்று படிகள், அவை இருவகைக் கருவிகளில், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் என்பது கணிப்பொறியாளர் வகுத்த எளிய விதி. வட்டில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ உறவினர் இல்லத்திலோ ஒன்று என வைத்துக்கொள்வோர்க்குக் கணிப்பொறி தொடங்காத நாள் துன்ப நாளாகாது. ஒரு பழுது நாள் மட்டுமே.

மாணவர்கள் இரண்டு தொடர்களை மனத்தில் இருத்துவாராக. கணிப்பொறி நின்றால், எதுவரை நடந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். பழுதுபார்ப்போர் ‘ஃபார்மட் செய்யலாமா?’ எனக் கேட்டால், ‘முதலில் படியெடுத்துத் தாருங்கள்’ என்று விடையளிக்க வேண்டும். இயந்திரம் பழுதானால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். எழுதியவரின் மூன்றாண்டுகளை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.